திருக்கையின் சல்லடை

டார்ப்பிடோ வெடித்த சத்தம் கேட்டதும் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். பொற்கொடியிடம் தொப்பி கிடையாது. வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் தலை ஒரு குழாயில் இடித்தது. அதை அந்த இடத்தில் வரைந்த புண்ணியவதி அவளேதான். ‘திருக்கை’ வகை அணுத் தாக்குதல் நீர்மூழ்கிகளின் தலைமை வடிவமைப்பாளர் அவள். பம்பு ஒன்று முனகுகிறது, இரண்டு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஏற்றினார்கள். அதற்குள் போர் மூண்டது. பம்பு எப்போதோ வாயை மூடிவிட்டது. அவளை இறக்கிவிடத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஒலிபெருக்கியில் எதிரிக் கப்பல் செத்துக்கொண்டிருந்தது. தகடுகள் கிழிந்தன, அறைகள் ஒவ்வொன்றாக நசுங்கின. இதற்குப் பெயர் கேட்பு. போன போருக்குப் பிறகு எல்லா நாடுகளும் கையெழுத்திட்ட உயிரொலிச் சட்டம் இது: மூழ்கடித்தவன், கெடு முடிந்து மணி அடிக்கும்வரை, நின்று கேட்டாக வேண்டும். கீழேயிருந்து மனிதர்கள் எழுப்பும் சத்தம் ஒன்று வந்தாலும் போதும், ஆயுதத்தைக் கட்டிவைத்துவிட்டு மீட்புக்கூட்டை இறக்க வேண்டும். எதுவும் கேட்காவிட்டால் கிளம்பலாம்.

திருக்கைகள் இதுவரை கூட்டை இறக்கியதே இல்லை. உணவறைச் சுவரில், மூழ்கடித்த கப்பலுக்கு ஒன்றாக ஒன்பது மீன்கள் வரைந்திருந்தார்கள்.

“நம்ம அடி ஒரே அடிதான்க்கா. துடிக்கவே விடாது” என்பான் தூத்துக்குடி சமையல்காரன் ஜெபராஜ். கொலை செய்வதிலும் ஒரு கருணை இருக்கிறதே என்று பொற்கொடியும் அந்த வார்த்தையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினாள்.

மணி அடித்தது. “உயிரொலி இல்லை” என்றார் கேப்டன் இத்ரீஸ். “பத்தாவது மீனை வரையலாம்.”

எதிரி மூழ்குமுன் ஏவிவிட்டுப் போன டார்ப்பிடோ ஒன்று அதுவரை இருட்டில் அவர்களைத் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது கண்டுபிடித்துவிட்டது.

முன்பகுதி காகிதம்போலக் கசங்கியது. கடல் சுவராக உள்ளே வந்தது; அது தூக்கி எறிந்த இரும்புப் பெட்டி ஒன்று, பொற்கொடியின் பக்கத்தில் நின்றவனின் முகத்தை இல்லாமல் ஆக்கிவிட்டுப் போனது. அவன் ரத்தம் அவள் உதட்டில் உப்புக் கரித்தது. இத்ரீஸ் இடைக்கதவை இழுத்து மூடி, தோளால் முட்டுக்கொடுத்தார். அந்தப் பக்கம் அவருடைய ஆட்கள் முப்பது பேர் கதவைத் தட்டினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நெம்புகோலைப் பிடித்தபடியே நின்றார். தட்டல்கள் குறைந்தன. கடைசியில் ஒரே ஒரு கை தட்டியது. பிறகு அதுவும் நின்றது.

கப்பல் கடலின் அடியில் தரைதட்டியது. அணு உலை தானாகவே அணைந்தது. அவள் வரைந்தவற்றில் அன்று ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். பின்பகுதியில், உணவறையில், பதினோரு பேர், கொஞ்சம் பேட்டரி, கொஞ்சம் காற்று. உதவி கேட்கும் கருவிகளெல்லாம் முன்பகுதியோடு போய்விட்டன.

வெகுநேரம் கழித்து மேலே ஒரு கப்பலின் சுழலிச் சத்தம். “நம்ம கப்பல்! இரண்டாம் திருக்கை!” என்றார் இத்ரீஸ். ஸ்பானர், சுத்தியல், கரண்டி என்று கிடைத்ததை எடுத்து எல்லோரும் சுவரில் அடித்தார்கள். கை கிழிய அடித்தார்கள். மேலே சுழலி நின்றது, கேட்கிறார்கள். பிறகு மெல்லத் திரும்பிக் கிளம்பியது.

“ஏல, செவிட்டு மூதிகளா!” ஜெபராஜ் கத்தினான். “இங்கன உயிரோட கெடக்கோம்ல!”

பொற்கொடியின் கையிலிருந்து ஸ்பானர் நழுவியது. “அவங்க செவிடு இல்ல. நான்தான் செவிடாக்கி வச்சிருக்கேன்.”

வெதுவெதுப்பான கடலில் சொடுக்கு இறால் என்று ஒன்று உண்டு. கொடுக்கைச் சொடுக்கிச் சொடுக்கியே மற்ற எந்தச் சத்தத்தையும் கேட்க விடாது. அதற்காக சோனாரில் ஓர் ஒலிச்சல்லடை வைத்திருந்தாள். படக் படக் என்று வரும் குறுஞ்சத்தங்களை அது வழித்தெறிந்துவிடும். அதற்காக ஒரு விருதும் வாங்கியிருந்தாள். இரும்பில் மனிதன் தட்டுவதும் படக் படக் என்றுதான் கேட்கும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

“விடாத சத்தம் வேணும். ஜெபராஜு, கிரைண்டர எடு.”

“கிரைண்டரா? கப்பல்லயா? சத்தம் போடும்னு நீங்கதான தடை போட்டீக...”

“தினம் உன் இட்லியத்தான் திங்கேன். அது மிக்ஸியில அரைச்ச மாவான்னு எனக்குத் தெரியாதாக்கும்? எடுல!”

மைதாச் சாக்குக்குப் பின்னாலிருந்து திருட்டு கிரைண்டர் வந்தது. வெற்றுச் சுவரோடு அதைச் சாய்த்து, அரிசி போடாமல் ஓடவிட்டார்கள். கல்லோடு கல் உரசிக் கப்பல் முழுக்கக் கரகரத்தது. எல்லோரும் கூரையையே பார்த்தார்கள். பொற்கொடி மட்டும் சுவரிலிருந்த ஒன்பது மீன்களைப் பார்த்தாள். அந்தக் கப்பல்களிலும் யாராவது தட்டியிருப்பார்கள்.

மேலே சுழலி திரும்பியது. மீட்புக்கூடு இறங்கிப் பதினோரு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது.

இரண்டாம் திருக்கையின் கமாண்டர் தாட்சாயணி கம்பளியோடு காத்திருந்தார். “கடலுக்கடியில கிரைண்டர் சத்தம்! எங்க பசங்க பேய்னு நினைச்சுட்டாங்க மேடம்.”

பொற்கொடி கம்பளியை வாங்கவில்லை. சொட்டச் சொட்டச் சோனார் அறைக்குப் போய்ச் சல்லடையை அணைத்தாள். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒலிபெருக்கி பொரிந்தது. அதற்கு நடுவே, எதிரிக் கப்பல் விழுந்த திசையிலிருந்து, படக், படக், படக். ஓர் இடைவெளி. மறுபடி, படக், படக், படக்.

பின்னாலேயே வந்த தாட்சாயணியும் இத்ரீஸும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“அவங்க நம்ம ஆளுங்கள முப்பது பேரைக் கொன்னிருக்காங்க” என்றார் தாட்சாயணி.

இத்ரீஸின் தோள் நெம்புகோல் அழுத்திய இடத்தில் கறுத்து வீங்கியிருந்தது. “தட்டறாங்க மேடம். இன்னொரு கதவை என்னால மூட முடியாது. கூட்டை இறக்குங்க.”

தாட்சாயணி ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இறக்குங்க.”

கூடு கீழே போகும்வரை அங்கே தட்டுகிறவர்கள் நம்பிக்கையை விட்டுவிடக் கூடாதே என்று பொற்கொடி ஒரு ஸ்பானரை எடுத்துச் சுவரில் மூன்று முறை அடித்தாள். கீழே சத்தம் நின்றது. அடுத்த கணம் ஏழெட்டுக் கைகள் ஒரே நேரத்தில் பதறிப்போய்த் தட்டின.

அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை கிழிந்து ஸ்பானரில் ரத்தம் வழிந்தது. ஜெபராஜ் வந்து கையைப் பிடித்தான். “போதும்க்கா. அவங்களுக்குக் கேட்டுட்டு.”

“இது அவங்களுக்கு இல்லல” என்றாள் பொற்கொடி. கையை விடுவித்துக்கொண்டு மறுபடி அடித்தாள்.