கணுக்கால் உயரம்

பதினான்காம் கம்பத்தில் கணுக்கால் உயரத்து வெப்பமானி மட்டும் ஒன்பது டிகிரி காட்டியது. சோதனை அறையில் மற்ற எல்லாமே இருபத்திரண்டை ஒட்டி நின்றன.

"வயர் லூசா இருக்கும்மா," என்றார் கோந்து. உட்கார்ந்தால் சாயங்காலம்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பதால் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டருக்கு அந்தப் பெயர். அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. "நீங்களே போய்ப் பாத்துடுங்க. எனக்கு முட்டி வலி."

"உங்களுக்கு முட்டி இருக்குங்கறதே இப்பதான் தெரியுது அண்ணா," என்று சொல்லிவிட்டு இன்ஜினியரான அவள் எழுந்தாள். நான்கு மாதத்தில் அவள் கிண்டலாகப் பேசியது அதுதான் முதல்முறை. அவருக்கே ஒரு நிமிடம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சோதனை அறை பார்ப்பதற்கு ஒரு வீட்டுக் கூடம்தான். சோபா, கம்பளம், குட்டை மேசை, திரை போட்ட ஜன்னல் எல்லாம் இருந்தன, ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெருவுக்குப் பதிலாகப் பனிக்காலத்துக் குளிரை அடைத்து வைத்த இன்னொரு அறை இருந்தது. யாரும் ஒருநாளும் குடியிருக்காத வீட்டின் பசை வாசனையும் புதுக் கம்பள வாசனையும் எப்போதும் போகாது. சுவரின் உச்சியில், அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் சன்னமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க இருபத்துநான்கு மெல்லிய கம்பங்கள். ஒவ்வொன்றிலும் கணுக்கால், முழங்கால், இடுப்பு, தலை என்று நான்கு வெப்பமானிகள், காற்று போகும் திசை தெரிய விரல் நீளத்துக்கு வெள்ளை நூல்கள். உள்ளே போகிறவர் உடம்புச் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதால் அவள் மணிக்கட்டிலும் ஒரு வெப்பமானி கட்டியிருந்தது.

பதினோரு வருடமாக இதுதான் வேலை. சூடான காற்றுக்குப் பிடிவாதம் அதிகம். விட்டால் நேராகக் கூரைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும், மனிதருக்குத் தலை வியர்க்கும், கால் விறைக்கும். இயந்திரத்தின் வாயில் இருக்கும் ஃப்ளாப்பை எவ்வளவு சாய்த்தால், விசிறியை எவ்வளவு மெதுவாக விட்டால் அந்தக் காற்று முகத்தில் அடிக்காமல் தரைக்கு இறங்கிக் கால்களைச் சுற்றிப் பரவும் என்று கண்டுபிடிப்பவள் அவள். முகம் தெரியாத எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருடைய கால்கள் அவளால் சூடாக இருந்தன.

"அம்மா, கால் சில்லுனு இருக்கு."

நான்கு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மகள் சிட்டு கடைசியாகச் சொன்னது அதுதான். ஐந்து வயது. காலுறை கீழே காரில் இருந்தது. லிப்ட் வரத் தாமதம், படியில் ஓடினாள், ஓடியே திரும்பி வந்தாள். பதினோரு நிமிடம். அறை வாசலில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் நுரையீரலுக்குப் போய்விட்டது, பக்கத்தில் இருந்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார், வீட்டுக்காரரும் அதையே நூறு தடவை சொல்லிவிட்டார். ஆனால் குளிருது என்று சொன்ன பிள்ளையை விட்டுவிட்டு அவள் வெளியே போனாள், அவ்வளவுதான். போடாமலே போன அந்த மஞ்சள் காலுறைகள் இன்றைக்கும் அவள் கோட்டுப் பையில் இருந்தன.

அறைக் கதவின் கனமான கைப்பிடியை உள்ளிருந்து இழுத்துக் காற்றுப் புகாமல் மூடித் தாழிட்டாள். பதினான்காம் கம்பம் சோபாவுக்கு எதிரே இருந்தது. வயர் இறுக்கமாகத்தான் இருந்தது. வெப்பமானியைக் கழற்றி வேறொன்று மாட்டினாள்.

"இப்ப எவ்ளோ அண்ணா?"

"அதே ஒம்போது," என்றது ஸ்பீக்கர். "முழங்காலும் இறங்குதும்மா. இப்ப இடுப்பும்."

"தலை?"

"தலை இருபத்திரண்டு. அது நல்லாத்தான் இருக்கு."

கையை நீட்டினாள். கம்பத்துக்கு இந்தப் பக்கம் இதமான காற்று. ஒரு சாண் தள்ளி, ஈரத் துணியைத் தொட்டது போல ஒரு குளிர். மேலே கொண்டுபோனாள், குளிர் சட்டென்று முடிந்தது. இறக்கினாள், மறுபடி குளிர். கம்பத்தின் பக்கவாட்டில் அளவுக் கோடுகள் இருந்தன, குளிர் முடிந்த இடத்தில் விரலை வைத்துக் குனிந்து படித்தாள். மூன்றடி ஐந்து அங்குலம்.

வீட்டில் சமையலறை நிலைக் கதவில் பென்சில் கோடு ஒன்று இருக்கிறது. பிறந்தநாளன்று சிட்டுவை நிற்க வைத்துக் குதிகாலைத் தூக்கக்கூடாது என்று மிரட்டிப் போட்டது. மூன்றடி ஐந்து அங்குலம்.

விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஓடிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் நூல்களைப் பார்த்தாள். இயந்திரத்தின் காற்றில் அவை ஜன்னல் பக்கமாகச் சாய வேண்டும். பதினான்கைச் சுற்றியிருந்த நூல்கள் எல்லாம் உள்பக்கமாக, அந்தக் குளிரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. கொஞ்சம் தளர்ந்தன. மறுபடி சாய்ந்தன. தளர்ந்தன. தூங்கும் பிள்ளையின் மார்பை ராத்திரி முழுக்கப் பார்த்தவளுக்கு அந்த வேகம் தெரியும்.

"அண்ணா, ஃப்ளாப்ப முழுசா கீழ எறக்குங்க. முப்பது வைங்க. காத்து பதினாலு மேல படட்டும்."

"ஷீட்ல அப்படி ஒரு டெஸ்ட் இல்லையேம்மா."

"எனக்காக."

மேலே ஃப்ளாப் டிக் டிக் என்று படிப்படியாகக் கீழே திரும்பியது. கம்பளத்தின் மேல் சூடு இறங்கிப் பரவியது. அவள் காலணியைக் கழற்றிவிட்டுப் பாதத்தால் அதைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல சூடு. அவளே கண்டுபிடித்த கோணம்.

"எட்டு," என்றார் அவர். "ஏழு. என்னம்மா இது, சூடு விட விட இறங்குது."

ஃப்ளாப் நின்றுவிட்டது. டிக் டிக் மட்டும் நிற்கவில்லை. அது மேலேயிருந்து வரவில்லை. மூன்றடி உயரத்தில் இருந்து வந்தது. சின்னப் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

"ஐயோ, என் கண்ணே," என்றாள்.

இயந்திரத்தால் ஆகாது என்று அவளுக்குப் புரிந்தது. அதன் சூடெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகப் போய்க்கொண்டிருந்தது. கோட்டுப் பையிலிருந்து காலுறைகளை எடுத்தாள். கம்பத்தின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பின்பக்கமாகவே நடந்துபோய்ச் சோபாவில் உட்கார்ந்தாள்.

வேலை முடிந்து வீடு திரும்பினால் இப்படித்தான். பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் மடியில் ஏறி, அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு ஆட்டும். குதிகால் சோபாவில் இடிக்கும். சோபா கிழியும்டி என்று அவள் திட்டுவாள்.

இடது காலுறை மெல்லப் புடைத்தது. விரல்கள் இருக்கும் இடம். பாதம். குதிகால். அப்புறம் வலதும்.

இடது கால் நகர்ந்தது.

வலது கால்.

கம்பளத்தில் சத்தமே இல்லை. அவை தாண்டிய கம்பங்களில் நூல்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. பதின்மூன்றாம் கம்பம். எட்டாவது. மூன்றாவது. முட்டியில் குளிர் தொட்டது. ஏறியது. மடி முழுக்கக் கனத்தது. அந்தக் கனம் அவளுக்கு மறந்திருக்கவில்லை.

"அம்மா, உங்க கை மீட்டர் முப்பது காட்டுது," என்றது ஸ்பீக்கர். "இருபத்தேழு. வெளிய வாங்க. அங்க என்ன பண்றீங்க? இருபத்தி மூணு! கதவத் திறங்கம்மா!"

கன்ட்ரோல் ரூமில் ஒரு நாற்காலி தடாலென்று விழுந்தது.

பயமாக இருந்தது. முன்னால் முகம் எதுவும் இல்லை. அவள் கன்னத்தில் படும் மூச்சு மட்டும். சில்லென்ற மூச்சு, மருந்து வாசனையோடு. அவள் கைகளைச் சுற்றிப் போட்டாள். விரல் நுனிகள் நீலமாவதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. இன்னும் இறுக்கினாள்.

"இப்பவும் சில்லுனு இருக்காடா?"

வெளியே கோந்து கதவை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். இருபத்துநான்கு கம்பங்களிலும் நூல்கள் சோபாவை நோக்கி விறைத்து நின்றன. அவளுடைய தொடைகளுக்கு இரண்டு பக்கமும், தரையில் படாமல், மஞ்சள் காலுறைகள் இரண்டும் மெதுவாக ஆடத் தொடங்கின. குதிகால் சோபாவில் இடித்தது. ஒரு முறை. இன்னொரு முறை.