மணியை நிறுத்தியவர்

மதனி பேருந்திலிருந்து இறங்கியபோது கெலிஓயாப் பக்கமிருந்து மழை ஏறி வந்துகொண்டிருந்தது. மேட்டிலிருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியைப் பனிமூட்டம் பாதி விழுங்கியிருந்தது. குடையை மடக்கி, ஈரச் செருப்பைத் துடைத்துவிட்டு, வழக்கம்போலத் தன் தாதி வேலைக்கு மேல்மாடிப் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தாள். பட்டப்பகலிலேயே விளக்குகள் எரிந்தன.

மறுநாள் காலை விசாரணை. வேலை இருக்குமா போகுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி கட்டிலருகே பொத்தானை அழுத்தினால் தாதியர் மேசையில் மணி அடிக்கும். எந்தக் கட்டில் என்று ஒரு சிவப்பு விளக்கும் எரியும். மேசைச் சுவிட்சைத் தட்டி மணியை நிறுத்துகிறவரே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மணிக்கு இரண்டு பேர் ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாமே! வார்டு நிறைய நோயாளிகளை இரண்டே தாதியர் சமாளிக்கிற இடத்தில் நல்ல ஏற்பாடுதான், நிறுத்துகிறவர் நேர்மையாக இருக்கும்வரை.

போன மாதம் பக்க அறையிலிருந்த முதியவர், தாதியரை 'மிஸி' என்றே அழைக்கும் பெற்றீசியா அம்மா, மணியடித்தார். மதனி அப்போது வேறொரு நோயாளிக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தாள். மூத்த தாதி தினுஷா மணியை நிறுத்தி, "இந்தா வாறேன்!" என்று குரல் கொடுத்தது அவளுக்கு நன்றாகவே கேட்டது. அக்கா போய்விட்டாள் என்று நம்பித் தன் வேலையைப் பார்த்தாள். அக்காவோ கையிலிருந்த எழுத்து வேலையை முடித்துவிட்டுப் போகலாமென்று உட்கார்ந்தே இருந்தாள். பெற்றீசியா அம்மா மூச்சு முட்டி இறந்துபோனார்.

தலைமைத் தாதியான மேற்றன் கேட்டபோது தினுஷா கூசாமல் சொன்னாள்: "மணிய நிப்பாட்டுனது மதனி."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய அன்று மதனிக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்ததே அந்த அக்காதான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நாளைக்கெண்டாலும் உண்மையைச் சொல்லுங்கோ," என்று மேசையிலிருந்த தினுஷாவிடம் அன்று கேட்டாள்.

தினுஷா நிமிரவில்லை. "ஒனக்குச் சின்ன வயசு. வேற எடத்துல வேல தேடிக்கலாம். நான் இந்த வயசுல எங்க போறது?"

மணி அடித்தது.

பக்க அறையின் விளக்கு எரிந்தது.

பெற்றீசியா அம்மா இறந்த நாளிலிருந்து அந்த அறை பூட்டிக் கிடந்தது.

ஓடிக்கொலோன் வாசம் எழுந்தது. அவர் கைலேஞ்சித் துணியில் நனைத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற அதே வாசம்.

"நீ போ," என்று தினுஷா கிசுகிசுத்தாள்.

"நிப்பாட்டுற ஆள்தானே போகவேணும்."

மணி விடாமல் அடித்தது. நோயாளிகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் தினுஷாவின் கை பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டியது. வாயும் பழக்கப்படியே சொன்னது.

"இந்தா வாறேன்!"

பூட்டிய கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"வாங்க மிஸி."

தினுஷா மதனியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சொல்லிர்றேன் மதனி. மாதா சத்தியமா நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிர்றேன்."

வாசம் மெல்ல விலகியது. பல நாளைக்குப் பிறகு மதனி அன்று நிம்மதியாகத் தூங்கினாள். பாவம், இன்னும் அந்த அக்காவை நம்பினாள்.

காலையில் நல்ல வெயில். மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில் தினுஷா விசாரணைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மணிய நிப்பாட்டுனது மதனிதான் மேடம்."

மதனியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. மதனிக்கு வேலை போயிற்று.

வார்டுக்கு வந்து தன் சாமான்களைப் பைக்குள் போட்டாள் மதனி. தினுஷா மேசையருகே தனியாக நின்றாள்.

மணி அடித்தது.

மறுபடியும் பக்க அறை.

தினுஷா சுவிட்சைத் தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டாள். "மதனி, போகாத. இந்த ஒரு தடவ மட்டும் நீ நிப்பாட்டு."

பக்க அறையின் பூட்டு கழன்று தரையில் விழுந்தது.

"மதனி!"

மதனி வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் கால்கள் உள்ளே போகத்தான் பார்த்தன. பிறகு, அக்காவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே தொனியில் சொன்னாள்.

"இந்தா வாறன்."

படியிறங்கி நடந்தாள். முற்றம் முழுக்க மணிச் சத்தம் கூடவே வந்தது. வெளிவாசலில் நின்று அண்ணாந்தாள். மேலே வார்டின் திறந்த ஜன்னலில் தினுஷா நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் ஜன்னல் கம்பியை இறுகப் பற்றியிருந்தன.

மணி நின்றது.

தினுஷா மெல்லத் திரும்பி உள்ளே பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால், மேசைப் பக்கமிருந்து, ஒரு வயதான குரல் அன்பாகச் சொன்னது.

"இந்தா வாறேன் மிஸி."