தலையில் வைத்த கை

நான்கு பக்கப் படிவம். அதில் 'மரணம்' என்ற சொல் ஏழு இடங்களில் வந்தது. சிற்றம்பலம் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டார். 'முதன்முறை வருபவர்களுக்கு ஏற்ற, அமைதியான ஆற்றுப் பயணம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் ஏழு தடவை சாகடிப்பவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, காணாமல் போன பசுமாடு என்று எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தவர். பசுமாடு மட்டும் உண்மையிலேயே காணாமல் போயிருந்தது. அவருடைய பணிக்காலத்தின் பெரிய ஏமாற்றம் அதுதான்.

அவர் மனைவி சௌந்தரவல்லி படிவத்தைப் படிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, சுடிதாருக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் போல நின்றாள்.

இடம், அரிசோனாவின் பாலைவனம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மண் குன்றுகள். அவற்றின் மேல் கம்பம் கம்பமாகக் கள்ளிகள், துப்பாக்கியைக் கண்டு கைதூக்கியவர்கள் போல. நடுவே, யாரோ தவறிப்போய் விட்டுச் சென்றது மாதிரி ஒரு பச்சை ஆறு. கரையில் காற்றடித்த நான்கு பலகைகள். அவற்றில் ஏறி நின்றோ, முட்டி போட்டோ, நீளமான ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஆறு மைல் போக வேண்டும். ஏற்பாடு செய்தவள் மருமகள் அமலி. சந்தேகத்துக்கு அது ஒன்றே போதும்.

ஏனென்றால் அமலிக்கு அவரைப் பிடிக்க நியாயமே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், மணப்பாட்டுக் கடற்கரைப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போவதாக மகன் வாசகன் சொன்னதும், சிற்றம்பலம் ஆசீர்வாதம் செய்வதற்குப் பதில் பஸ் ஏறினார். கருவாட்டு வியாபாரி வேஷத்தில் மூன்று நாள் அந்த ஊரில் துப்புத் துலக்கினார். முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தனியே கழுவச் சொல்லும் சைவர், வேஷம் கலையாமல் இருக்க இரண்டு கிலோ சாளைக் கருவாட்டை மடியில் வைத்துக்கொண்டு சொந்த ஊரான கும்பகோணம் வரை வந்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே இருந்தது. வந்து பதினோரு பக்க அறிக்கை எழுதினார். அது மகன் கையில் சிக்கியது. அன்றிலிருந்து வாசகன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மனைவியின் பிடிவாதத்தால் மூன்று மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்க வந்தாயிற்று. ஊர் திரும்ப இன்னும் ஆறே நாள். இன்று காலைகூட, இரண்டடி தள்ளி நின்றவரைப் பற்றி வாசகன் அம்மாவிடம்தான் சொன்னான்: "அப்பாவைத் தொப்பி போட்டுக்கச் சொல்லும்மா." சொல்லிவிட்டு, பயணம் முடியும் இடத்தில் காத்திருப்பதாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வாயிலிருந்து 'அப்பா' என்று நேராக ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது சிற்றம்பலத்துக்கு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விசாரணை அதிகாரிக்கு வாக்குமூலம் கொடுக்கும் வழக்கமில்லை.

நேற்று அமலியின் பையிலிருந்து விழுந்த காகிதத்தையும் அவர் பார்த்துவிட்டார். மகன் கையால் வரைந்த ஆற்றின் வரைபடம். மூன்றாவது வளைவில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரே சொல்: 'அப்பா'.

அவருக்குப் பயணக் காப்பீடு எடுத்துக் கொடுத்தவளும் அமலிதான். கூட்டிக் கழித்துப் பார்த்தார். இப்படி ஒரு கோப்பு மேஜைக்கு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிராகரித்திருப்பார்.

வழிகாட்டியின் பெயர் ஹாங்க். ஐம்பது வயதிருக்கும், துடைப்பம் மாதிரி மீசை. அவன் கரையில் கால் மணி நேரம் ஏதேதோ விளக்கினான். சிற்றம்பலம் அதைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் பலகைகளின் காற்றுத் திருகை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்காலையும் பலகையையும் சேர்த்துக் கட்டும் சுருள் கயிறு ஒன்று இருந்தது. ஆளைக் கட்டித்தான் தண்ணீரில் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? ஹாங்க் கட்டிவிட்டான். அவன் திரும்பியதும் இவர் அவிழ்த்துவிட்டார்.

புறப்பட்டார்கள். முன்னால் ஹாங்க், அவனை ஒட்டிச் சௌந்தரவல்லி, அடுத்து சிற்றம்பலம், கடைசியில் அமலி. கொலைகாரர்கள் எப்போதும் பின்னால்தான் வருவார்கள்.

ஆறு என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் கூழாங்கற்களை எண்ணலாம். சௌந்தரவல்லி பத்து நிமிஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் அவர் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தவளுக்கு இதில் என்ன கஷ்டம் இருக்கப் போகிறது? சிற்றம்பலம் முட்டி போட்டபடியே போனார், தவறு செய்த மாணவன் போல.

முதல் வளைவில் ஹாங்க் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் தலையில் கை வைத்தான்.

சிற்றம்பலம் துடுப்புப் போடுவதை நிறுத்தினார். ஒருவன் தலையில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிந்த கடை வாசலில் முதலாளிகள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். வழி தவறிவிட்டானா? அணை திறந்துவிட்டார்களா? பார்த்தால் சௌந்தரவல்லியும் தலையில் கை வைத்தாள். சிரித்துக்கொண்டே வைத்தாள். வெயில் ஏறிவிட்டது என்று முடிவு செய்தார். திரும்பினால், அமலியும் தலையில் கை வைத்திருந்தாள்.

இவர் மட்டும் துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு சிலையாக இருந்தார். ஹாங்க் உடனே பலகையைத் திருப்பிக்கொண்டு இவர் பக்கத்தில் வந்து, முகத்தை உற்றுப் பார்த்து, இவருக்குப் பிடிபடாத உச்சரிப்பில் ஏதோ கேட்டான். ஒன்றுமில்லை என்று இவர் தலையை ஆட்டிய ஆட்டலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது வளைவிலும் அதே கதை. மற்ற இருவரையும் விட்டுவிட்டு அந்த மீசைக்காரன் இவரை மட்டுமே குறிவைத்து வந்தான்.

மூன்றாவது வளைவு நெருங்கியது. ஆற்றின் நடுவே நான்கு காட்டுக் குதிரைகள் வயிறளவு தண்ணீரில் நின்று, தலையை உள்ளே விட்டுப் பாசியைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. எல்லோரும் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். சிற்றம்பலம் குதிரைகளைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி அமலியைப் பார்த்தார். அவள் வலது கரையில் பலகையை நிறுத்திவிட்டு, அந்தக் காகிதத்தைப் பிரித்து, பாறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருக்கல் குறி.

அவர் இன்னும் கொஞ்சம் திரும்பினார். பலகைக்கு அவ்வளவு திருப்பம் பிடிக்கவில்லை. அடுத்த கணம் வானம் கீழே இருந்தது.

அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர் அது. மேலே அடுப்பு மாதிரி வெயில், உள்ளே ஐஸ். லைஃப் ஜாக்கெட் அவரைத் தூக்கி மேலே துப்பியது. மூக்குக் கண்ணாடி போய்விட்டது. கயிற்றை அவிழ்த்த புண்ணியத்தில் பலகையும் தனியே போய்க்கொண்டிருந்தது. காலில் ஒரு சரளைத் திட்டு தட்டுப்பட, இடுப்பளவு நீரில் எழுந்து நின்றார். நின்ற பிறகுதான், கண்ணாடி இல்லாத கண்ணுக்கும் அது மங்கலாகத் தெரிந்தது. தண்ணீர் போகும் திசையில் இருபதடி தள்ளி ஒரு பெரிய மரம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. நீரோட்டம் முழுவதும் அதன் கிளைகளுக்குள் புகுந்து போயிற்று. அவர் பலகை அங்கே போய்ச் சொருகி, ஒரு தடவை துடித்து, செங்குத்தாக நின்றது. அந்த மரத்தின் பக்கம் மட்டும் போகவே கூடாது என்று ஹாங்க் கரையில் மூன்று முறை சொல்லியிருந்தான். அப்போது இவர் திருகை முகர்ந்துகொண்டிருந்தார்.

காலடியில் சரளை மெல்ல நழுவியது. கத்தப் பார்த்தார். குளிரில் தாடைதான் ஆடியது. ஒன்றும் செய்யத் தோன்றாமல், ஒருவன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது செய்வதைச் செய்தார். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

தூரத்தில் ஹாங்க் அதைப் பார்த்தான். ஒரு மணி நேரமாகப் பதிலே தராத மனிதர், கடைசியில் இரண்டு கையாலும் பதில் தருகிறார். அவனுக்கு ஏக சந்தோஷம். தானும் தலையில் கை வைத்துக் காட்டிவிட்டு, கட்டைவிரலை உயர்த்திவிட்டு, சௌந்தரவல்லியோடு வளைவைத் தாண்டி மறைந்துபோனான்.

ஆக, இதுதான் திட்டம். சிற்றம்பலத்துக்கு இப்போது பயத்தைவிட வருத்தம் பெரிதாக இருந்தது. அறிக்கை எழுத முடியாத ஒரே விபத்து தன்னுடையதுதான் என்று தோன்றியது. 'அப்பா' என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த கையெழுத்து ஞாபகம் வந்தது. என்ன இருந்தாலும் அழகான கையெழுத்து.

பின்னால் தண்ணீர் அடிபடும் சத்தம். அமலி வந்துகொண்டிருந்தாள். அவள் துடுப்புப் போட்ட வேகத்தைப் பார்த்துக் குதிரைகளே விலகின. ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து சாய்வாக வந்து, சரளைத் திட்டில் பலகையை முட்டி நிறுத்தினாள்.

"மாமா, கைய இறக்குங்க. பலகைல குப்புறப் படுத்துக்கிடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் காரணம் கேட்காமல் ஒன்றைச் செய்தார். அவள் அவர் முதுகின் இருபுறமும் காலை ஊன்றி நின்று, நீரோட்டத்தைக் குறுக்காக வெட்டி வலது கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

சுடுபாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்து நடுக்கம் நின்ற பிறகு, அந்த மீசைக்காரன் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டானே என்று கேட்டார்.  அமலி விளக்கினாள். ஆற்றில் போகிறவர்களுக்கு அது ஒரு சைகை. ஒருவர் தலையில் கை வைத்தால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். பதிலுக்குக் கை வைத்தால் 'நல்லா இருக்கேன்'.

"அப்படின்னா நானும் நல்லா இருக்கேன்னுதானே சொன்னேன்? நீ ஏன் வந்தே?"

"ஹாங்க்குக்கு அது சைகை, மாமா. எங்க ஊர்ல கடலுக்குப் போன வள்ளம் திரும்பலன்னா, கரைல பொம்பளையெல்லாம் அப்பிடித்தான் நிப்பாவ. ரெண்டு கையும் தலைல. எங்கம்மை நின்னத நான் பாத்திருக்கேன்." பலகையிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டாள். "அத எந்த ஆத்துல பாத்தாலும் எனக்குத் தெரியும்."

 மணப்பாட்டில் மூன்று நாள் விசாரித்தவருக்கு இது அகப்படவில்லை. அதைக் கேட்க அவருக்குத் தோன்றவும் இல்லை.

அவள் பாறை இடுக்கில் கையை விட்டு, கல்லைப் புரட்டி, ஒரு டப்பாவை வெளியே எடுத்தாள். நீல நிற வட்டப் பிஸ்கட் டப்பா. நம் வீடுகளில் பிஸ்கட் தீர்ந்ததும் ஊசியும் நூலும் குடியேறுமே, அதே டப்பா. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள், பச்சை நாடா கட்டிய பதினோரு பக்கம். கண்ணாடி இல்லாமலே அவருக்குத் தெரிந்தது. தான் பெற்ற பிள்ளையை யாருக்கும் அடையாளம் தெரியும்.

"உங்க மவன் இதக் கிழிச்சிப் போடச் சொன்னாவ. எனக்கு மனசு வரல. என்னப் பத்திப் பதினோரு பக்கம் வேற யாரு எழுதியிருக்கா? வீட்டுல வைக்கவும் பிடிக்கல. அதான் ரெண்டு பேருமா இங்க வந்து வச்சோம். எடம் மறந்துரக் கூடாதுன்னு அவிய படம் வரைஞ்சு, அப்பா எழுதினதுன்னு 'அப்பா'ன்னே குறிச்சாவ." நாலாம் பக்கத்தைப் புரட்டி அவளே வாசித்தாள். "'அண்டை வீட்டார் மூவரும் பெண்ணைப் பாராட்டினர். மூவரும் பாராட்டுவது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது.'"

சிற்றம்பலம் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கருவாடு வித்தது எங்க சித்தி, மாமா. 'இந்த மனுசன் கருவாட்டக் கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டுப் போறாரு, பாவம், மாப்பிள்ளையோட அப்பாதான்'னு அன்னைக்கே போன் போட்டுச் சொல்லிட்டாவ." சொல்லிச் சிரித்தவள், கடைசிப் பக்கத்தை நீட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தக் கடைசி வரிதான். 'முடிவு: மேல்விசாரணை நடைபெறுகிறது.' ரெண்டு வருசமா நடந்துக்கிட்டே இருக்கு. நீங்க ஊருக்குப் போகதுக்குள்ள ஒரு முடிவு எழுதிருங்க. எதுன்னாலும் சரி."

பேனாவும் கொண்டுவந்திருந்தாள். அவர் கடைசி வரியை அடித்தார். கண் தெரியாததால் எழுத்துகள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவில் வந்தன.

'விசாரணை முடிந்தது. குறை, விசாரணை அதிகாரியிடம். கோப்பு மூடப்படுகிறது.'

பழக்க தோஷத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்து வேண்டுமே என்றார். குதிரைகளைத் தவிர யாரும் இல்லை. அமலியே போட்டாள்.

அதற்குள் ஹாங்க், இருவரையும் காணாமல், நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போட்டுக்கொண்டு வெளிறிப்போய் வந்து சேர்ந்தான். பின்னாலேயே கரையோரமாக நடந்து வந்த சௌந்தரவல்லி, கயிற்றை எதற்கு அவிழ்த்தீர்கள் என்று ஆரம்பித்து, அவருடைய முப்பத்தைந்து வருஷ வரலாற்றையும் அந்தப் பாலைவனத்துக்கு எடுத்துச் சொன்னாள். அமலி சைகை விஷயத்தை விளக்கியதும், ஹாங்க் தன் கையையே குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டான். இவரும் கேட்டார், எதற்கென்று சொல்லாமல். அவன் கயிறு கட்டி மரத்திலிருந்து பலகையை மீட்டான். இந்த முறை கணுக்கால் கயிற்றுக்குச் சிற்றம்பலம் தானே காலை நீட்டினார். மீதி மூன்று மைலும் டப்பாவை முன்னால் வைத்து, முட்டி போட்டபடியே, புதையலோடு திரும்பும் மாலுமியாக வந்தார்.

முடிவிடத்தில் கரையோரம் ஓர் உருவம் நின்றது. மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு தோளைக் கொஞ்சம் சாய்த்து நிற்கும் அந்த நிலை அவருடையதேதான். உருவம் நீல டப்பாவைப் பார்த்ததும் அசையாமல் நின்றது.

சிற்றம்பலம் பலகையை நிறுத்தினார். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையைத் தலையில் வைத்தார். நல்லா இருக்கேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். தப்புப் பண்ணிட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

 கரையில் இருந்த உருவத்தின் கையும் மெல்ல உயர்ந்து தலைக்குப் போனது.

அடுத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து பலகையின் முனையைப் பிடித்தது.

"கண்ணாடி எங்கப்பா?"

நேராக, அவரைப் பார்த்து, அவரிடமே கேட்ட கேள்வி. ஏன் கேட்கிறான், எதற்காகக் கேட்கிறான் என்று சிற்றம்பலம் ஆராயவில்லை. சந்தேகம் இல்லாமலும் மனிதர்கள் கேள்வி கேட்பதுண்டு என்பது அறுபத்தோரு வயதில் அவருக்கு எட்டியிருந்தது.

"ஆத்துல போச்சுப்பா," என்றார். "உண்மையாவே காணாமப் போச்சு."