தங்கைக் கப்பல்

தண்ணீரை வடித்த உலர்துறையில் இருபது நாளாக நிற்கும் கப்பல் அது. ஆனாலும் அடித்தளத்துப் பலகையில் ஈரம். தச்சன் ஹினேஸ் தொட்ட விரலை நக்கிப் பார்த்தான். உப்புக் கரித்தது. ஒழுகுகிறது என்று மேலே கத்தினான்.

கார்த்தஹேனா துறைமுகம் முழுக்க மதியத் தூக்கத்தில் இருந்தது.

"இந்த வெயில்ல ஒழுகுதாக்கும்! எத்தன கோப்பை ஒயின் ஊத்துனீரு?" மேஸ்திரி ஒனோஃப்ரே மேல்தளத்திலிருந்து சிரித்தார். "உள்ள போய்ப் பாக்குறதுன்னா விளக்கையாவது எடுத்துட்டுப் போம்யா."

"எதுக்கு மேஸ்திரி? அக்கா வீட்டுல புழங்குனவன் தங்கச்சி வீட்டுல தடுமாறுவானா?"

இந்த 'சாந்தா ஹூஸ்தா'வும், போரில் மூழ்கிப்போன 'சாந்தா ரூஃபினா'வும் ஒரே வரைபடத்தில் கட்டிய, ஆளுக்கு எழுபத்துநான்கு பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல்கள். இரண்டிலும் பக்கச் சுவரின் உட்புறம் ஓர் ஆள் நுழையும் தச்சர் சந்து உண்டு. குண்டு துளைத்தால் தச்சர்கள் அதற்குள் ஓடி, கொழுப்பு தடவிய மரக்கட்டையால் ஓட்டையை அடைப்பார்கள். ரூஃபினாவில் அந்த வேலை ஹினேஸுக்கும் அவன் மனைவியின் தம்பி லியாண்ட்ரோவுக்கும். அது மூழ்கிய அன்று, சந்துக்குள் வெள்ளம் புகுந்ததும் ஹினேஸ் வெளியே பாய்ந்து அதன் கதவைத் தாழிட்டான். லியாண்ட்ரோ உள்ளே இருந்தான். குண்டு பட்டுச் செத்தான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டான்.

தாரும் சணலும் எலிப்புழுக்கையும் கலந்த வாடைக்குள், ஒரு கையால் சுவரைத் தடவியபடி, குனிந்த தலை உத்தரத்தில் இடிக்காமல், கால்கள் தாமாகவே வழி கண்டுபிடிக்க அவன் சந்துக்குள் நடந்தான். நடக்க நடக்கத் தார் வாடை மங்கி, வெடிமருந்து நாறியது.

இந்தக் கப்பல் இன்னும் ஒரு சண்டையும் பார்த்ததில்லை.

அவன் திரும்பினான். பின்னால் கதவு அறைந்து மூடியது. வெளியே தாழ் விழுந்தது.

"மேஸ்திரி! தெறங்க! உள்ள இருக்கேன்!"

மேலே ஒனோஃப்ரே ஏதோ பாடிக்கொண்டே தூரப் போனார்.

கணுக்காலில் தண்ணீர். முழங்காலில். இடுப்பில். எங்கிருந்தோ பக்கவாட்டில் கொட்டியது. ஓட்டையை அடைத்தால் பிழைக்கலாம். கட்டை இல்லை. விளக்கும் இல்லை.

இருட்டில் ஒரு குளிர்ந்த கை அவன் உள்ளங்கையில் மரக்கட்டையை வைத்தது.

"அடைங்க மச்சான்."

அலறலுக்கு முன் பழகிய கைதான் முந்தியது. தண்ணீர் வரும் இடத்தைத் தேடி நீண்டது. ஓட்டையின் விளிம்பைத் தொட்டது.

பலகை இல்லை. உதடு. பல்வரிசை.

அதற்குள்ளிருந்துதான் கடல் கொட்டிக்கொண்டிருந்தது.