பெஞ்சில் ஒரு ரெட்டைச் சுழி

வீல்...!

சலூன் வாசலில் அந்தப் பெண் போட்ட அலறலில் எதிர்க்கடைக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்தைத் தவறவிட்டார்.

சுழல் நாற்காலியில் ஓர் உடல். தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி. அசைவே இல்லை!

துணி விலகியது. உள்ளேயிருந்து ஒரு கொட்டாவி வந்தது.

'பிணம்' அவள் புருஷன்தான். சலூனின் புது முதலாளி. வேறு யாரும் வராததால் தன் கடைக்குத் தானே வாடிக்கையாளராகிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"செத்துட்டேன்னு நினைச்சியா?"

"நீங்க சாகல. நம்ம குடும்பம்தான் செத்துச்சு."

அவள் சொன்னதில் தப்பில்லை. வருஷக்கணக்கில் அடுத்தவன் கடையில் ஏச்சும் பேச்சும் வாங்கி, கடைசியில் அவள் நகையை விற்று வாங்கிய கடை. பார்க்க வந்தபோதெல்லாம் பெஞ்ச் நிரம்பி வழிந்தது. தினமும் இப்படித்தான் என்று விற்றவர் எழுதியே கொடுத்தார். சாவி கை மாறியது... மறுநாளிலிருந்து ஈ, காக்கா இல்லை! இது மூழ்கினால் மறுபடி அடுத்தவன் கடைதான்.

சாயங்காலமே இருவரும் அவள் தங்கை வீட்டுக்கு ஓடினார்கள். தங்கை வக்கீல். வாய், கத்தரியை விடக் கூர்மை.

"மாமா, பொய் சொல்லி வித்தா வழி இருக்கு. ஒண்ணு, ஒப்பந்தத்தை ரத்து பண்ணி, கடையைத் திருப்பிக் குடுத்துட்டுப் பணத்தை வாங்கலாம். இல்ல, கடையை வச்சுக்கிட்டு நஷ்டஈடு கேக்கலாம். போலீஸ்ல புகார் தனி."

"ரத்து பண்ணிடும்மா."

"அப்ப நாளைக்குக் கடை திறக்காதீங்க. ஏமாந்தது தெரிஞ்சும் நடத்திக்கிட்டே இருந்தா, நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

தங்கை அங்கிருந்தே விற்றவருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் சிரித்தார். கூட்டம் நிஜம்தானாம். இவன் வெட்டின லட்சணத்தில் எல்லாரும் ஓடிவிட்டார்களாம்!

இவனுக்கு ரத்தம் கொதித்தது.

"கோபம் கோர்ட்ல செல்லாது மாமா. அது கூலிக்கு வந்த கூட்டம்னு சாட்சி வேணும். யார் மூஞ்சியாவது ஞாபகம் இருக்கா?"

"மூஞ்சியை யாரு பாத்தா? நான் தலையைத்தான் பாப்பேன். எல்லாமே முந்தின நாள் வெட்டின தலை."

வெட்டின தலைகள் எதற்காகக் காத்திருக்கின்றன என்று அப்போது தோன்றவில்லையா என்று வக்கீல் கேட்டாள்.

"தோணுச்சு. சுத்தமான ஆளுங்க போலன்னு நினைச்சேன்."

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு தலை மட்டும் மறக்காது. எப்பவும் பேப்பரால மூஞ்சியை மூடிக்கிட்டு இருந்தான். உச்சியில ரெட்டைச் சுழி. நடுவுல ஒரு தழும்பு."

அப்போதுதான் சகலை தண்ணீர் கொண்டுவந்தார். வக்கீலின் புருஷன். வீட்டுக்குள்ளும் தொப்பி. தலைவலியாம். சொந்தத்துக்குள் கத்தி வேண்டாம் என்று அக்காவும் தங்கையும் போட்ட உத்தரவால் அந்தத் தலையில் இவன் கை வைத்ததே இல்லை.

தட்டை வைக்கக் குனிந்தார்... தொப்பி நழுவியது.

ரெட்டைச் சுழி. நடுவில் தழும்பு!

"சகலை... அப்படியே இருங்க."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விட்டதாம். சொல்ல வெட்கப்பட்டு, தினமும் ஆபீஸ் போவதாகக் கிளம்பி, கூலிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தாராம். கடை வாங்க வந்தது யாரென்று பார்த்ததும் பேப்பரைத் தூக்கியவர்தான்... அப்புறம் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

வக்கீலின் முகம் சிவந்திருந்தது.

"இதைக் கோர்ட்ல வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்."

மறுபடி போன் போட்டாள். பெஞ்சிலிருந்து ஒரு சாட்சி எழுந்து வந்திருப்பதாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் சிரிப்பு நின்றது. போலீஸ் மட்டும் வேண்டாம், பணம் முழுசும் வந்துவிடும் என்று குரல் கெஞ்சியது. அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சகலை தொப்பியைப் பிசைந்தார்.

"நானும் பொய்தானே சொன்னேன்... என்னையும் ரத்து பண்ணிடுவியா?"

வக்கீல் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேண்டாம். வச்சுக்கிட்டு நஷ்டஈடு வாங்கிக்கறேன்."