எதிர்காற்றில் இருவர்

ஆடிக் காற்று தொடங்கியதும் உடுமலைச் சாலையை ஒரு நாள் காலை மட்டும் மூடிவிடுவார்கள். நானும் என் ஒளியுருவும் மட்டும் பொள்ளாச்சி வரை சைக்கிள் ஓட்டுவோம். அவளுக்கு வயது இருபத்து நான்கு, எனக்கு முப்பத்தேழு.

முன்பெல்லாம் இந்தச் சாலையில் நூறு பேர் முண்டியடிப்போம். இப்போது சாம்பியன்களின் பழைய வெற்றிகளையே ஒளியுருவாக்கி ஓட்டவிடுகிறார்கள். ஒளியுருவுக்குச் சளி பிடிக்காது, சம்பளமும் வேண்டாம். இன்னும் ஓட்ட ஆசைப்படும் மனிதர் ஆண்டுக்கொரு முறை தன் ஒளியுருவை ஜெயிக்க வேண்டும். தோற்றால் உரிமம் அதற்குப் போய்விடும். எங்கள் அணியில் மிச்சமிருக்கும் மனிதப் பிறவி நான்தான்.

"கோமங்கலம் தாண்டுற வரைக்கும் அவ பின்னாலயே கெடங்கக்கா," என்றான் காரில் பின்தொடர்ந்த பயிற்சியாளர் செங்கோடன், காதுக்கருவியில். "அதுக்கப்புறம் அவ கால் ஓஞ்சுரும். அங்க பாத்துக்கலாமுங்க."

இந்த ஆண்டு அப்படியே கிடந்தேன். திட்டுவதற்குக்கூடப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாத பந்தயம் எவ்வளவு நீளம் என்பது ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

கோமங்கலத்துக்கு முன்பே அவள் வலது முழங்கையை லேசாக வெளியே அசைத்தாள். எதிர்காற்றை வாங்கிக் களைத்தவர், பின்னால் வருபவரை முன்னே அழைக்கும் சைகை அது. முந்தைய ஆடிகளில் நான் அவளுக்கு முன்னால் போனதால் இதைப் பார்த்ததில்லை. போகாமல் ஒட்டிக்கொண்டு வருகிறவரோடு எந்த அணியும் தண்ணீர்கூடப் பகிராது.

யோசிக்கவே இல்லை. எழுந்து மிதித்து முன்னால் போய்விட்டேன்.

"அக்கா, என்னங்க பண்றீங்க? அவளுக்கு எதுக்குங்க காத்து மறைக்கிறீங்க?"

ஒளியுருவுக்குக் காற்று படாது என்பது அப்போதுதான் உறைத்தது. பின்வாங்கியிருக்கலாம், மனசு வரவில்லை. பதின்மூன்று ஆண்டுக்கு முன், இந்த ஒளியுரு பதிவான பந்தயத்தில், இதே சைகைக்கு முன்னே வந்தவள் பொன்னரசி, வேறு அணிக்காரி. தான் ஓயும்வரை காற்றை மறைத்து என்னை இழுத்துவந்தாள், நான் ஜெயித்தேன். தோற்றவர்களைப் பதிவில் வைப்பதில்லை என்று அவளை அழித்துவிட்டார்கள். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, நான் விசாரித்ததே இல்லை.

பொள்ளாச்சி எல்லையில் என் கால்கள் மரத்துப்போயின. ஒளியுரு என்னைத் தாண்டிப் போனது. "தேன்மலர்! தேன்மலர்!" என்று கூட்டம் என் பெயரைச் சொல்லி அவளைப் பார்த்துக் கத்தியது.

செங்கோடன் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். "வெறும் வெளிச்சமுங்கக்கா அது."

"தெரியும். கூப்பிட்டாளே, செங்கோடா."

உரிமம் போனது வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அழுதது அவளுக்காக. இனி ஆடிதோறும் அவள் இந்தச் சாலையில் தனியாகப் போய், அதே இடத்தில் முழங்கையை அசைப்பாள். பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.