மேல்மாடி ஜன்னல்

திறக்க வழியே இல்லாத ஜன்னலில் ஒரு பலகை திறந்திருந்தது.

அந்தத் தெருவில் பழைய வீடுகளின் முகப்பில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். வளைவுகள், மெலிந்த ஜோடித் தூண்கள், சாய்வுப் பலகை வைத்த மர ஜன்னல்கள் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். பின்னால் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். கான்ட்ராக்டர் தன் பரம்பரை வீட்டுக்கும் அதைத்தான் செய்தான். முகத்தை விட்டுவிட்டு உடம்பை இடித்தான். புதிய தளம் பழைய ஜன்னலுக்கு நேராக வரவில்லை. அதனால் பின்னால் செங்கல் சுவர் எழுப்பி, பலகைகளை ஆணியடித்து, மேலே பெயின்டும் பூசியாயிற்று.

இடிப்பதற்கு முன் அவனுடைய அக்கா வாழ்ந்தது அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான். வீட்டை இடிக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். “படிக்கட்டப் பிரிச்சுடு. பசிச்சா தானா வழிக்கு வருவா, அப்ப ஏணி போட்டுக்கலாம்” என்று மேஸ்திரியிடம் சொன்னவன் இவன்தான். படிக்கட்டு போன பிறகு அவள் உதவிக்குப் பலகை இடுக்கில் கை நீட்டி ஆட்டினாள். தெருவில் போகிறவர்களும் வழக்கம்போல் சிரித்துக் கை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஏணி போட்டபோது நாற்காலியிலேயே செத்திருந்தாள். இவனுக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி.

“நாளைக்கு ஆள் வந்து பாக்கட்டுமே,” என்றாள் மனைவி.

“ஒரு ஆணி அடிக்க ஆள் எதுக்கு?”

வெளிச்சம் மங்கும் நேரம். தெருவின் சத்தமெல்லாம் ஏணியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பங்கு குறைந்துகொண்டே வர, புது பெயின்ட் வாடைக்கு அடியிலிருந்து ஊறிய மரத்தின் வாடையும், அதற்கும் அடியிலிருந்து அக்காவின் தலையெண்ணெய் வாசனையும் மெல்லக் கசிந்து அவன் மூக்கில் ஏறின. திறந்திருந்த இடுக்கில் கையை விட்டான். செங்கல் தட்டுப்பட வேண்டும்.

தட்டுப்படவில்லை.

கை முழங்கை வரை போனது. உள்ளே குளிர். யாரோ மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

காலுக்கு அடியில் மரத்தளம். அவனே பிரித்து விற்ற மரத்தளம். பின்னால் திரும்பினான். படிக்கட்டு இருந்த இடத்தில் வெறும் இருட்டு. ஜன்னலுக்கு ஓடினான். ஆணிகள் இறுகியிருந்தன.

கீழே மனைவியின் குரல் கேட்டது. “ஏணிய போட்டது போட்டபடி விட்டுட்டு இவரு எங்க போனாரு?” ஏணி சுவரை உரசிக்கொண்டு நகர்ந்தது. கத்தினான். குரல் வரவில்லை. இடுக்கில் விரல்களை நீட்டி ஆட்டினான்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா மேல நின்னு வேடிக்கை பாக்கறாரும்மா,” என்று சிரித்தபடி பதிலுக்குக் கை ஆட்டினாள். இருவரும் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார்கள்.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

“உக்காருடா தம்பி,” என்றாள் அக்கா. “பசிச்சா தானா வழிக்கு வருவே.”

நீட்டியிருந்த விரல்களின் மேல் பலகைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின.